வறுமையைக் கோடுகளால் அளந்த மஹலனோபிஸ்
கொல்கத்தா: இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்படும் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், 1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். இயற்பியல் பேராசிரியரான அவர், 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

குடும்பங்களின் செலவுக் கணக்கை 1950 முதல் தேசிய மாதிரி ஆய்வு திரட்டியது. இரு காலங்களுக்கிடையே தெரியும் வேறுபாடு வாழ்நிலையின் மாற்றமா, மாதிரிப் பிழையா என்ற வினாவுக்கு 1960-ல் அவர் விடை கண்டார். குடும்பங்களைச் செலவின் ஏறுவரிசையில் சம எண்ணிக்கையுள்ள பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவின் தானியச் செலவுச் சராசரியையும் கோட்டால் இணைத்தார். ஒரே காலத்தில் தனித்தனியே எடுத்த இரு மாதிரிகளின் கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. இரு காலக் கோடுகளின் இடைவெளி அதனைத் தெளிவாக விஞ்சினால் மட்டுமே மாற்றம் மெய்யெனக் கொள்ளப்பட்டது. வாய்பாடு எதையும் முன்கூட்டியே கருதாத இம்முறை, பிற்கால அளபுருசாராத் தொடர்புப்போக்கு ஆய்வுக்கு முன்னோடியானது.

1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அவர் மறைந்தார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.