சர் பி. எஸ். சிவசாமி ஐயர்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே பழமார்நேரி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் சிவசாமி ஐயர் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1885இல் வழக்கறிஞரானார்.

அரசியல் சட்டம் என்றதும் டாக்டர் அம்பேத்கரும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் நம் நினைவுக்கு வருவர். அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்பே அத்துறையில் உழைத்த இவரை நம் மாணவியர் பலரும் அறியார்.

வழக்கு நடத்தியதோடு சட்டக் கல்லூரியிலும் பாடம் சொன்னார். சட்ட இதழொன்றின் ஆசிரியர்களுள் ஒருவராயும் விளங்கினார். 1907இல் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் ஆனார். 1912இல் கவர்னரின் நிர்வாக சபையில் இடம்பெற்றார். 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அடுத்துக் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்; அங்கே இவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் பண்டித மாளவியா.

பதவிகளைவிட, இவர் தோற்ற ஒரு வாக்கெடுப்பே இவருடைய அறிவைக் காட்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியைக் கொணர்ந்தது. கல்வி, சுகாதாரம் முதலியன இந்திய மந்திரிகளிடம். நிதியும் போலீஸும் கவர்னரிடம். நம் ஊர் மொழியில் சொன்னால், தறி ஒருவரிடம், பட்டும் ஜரிகையும் வைத்த பெட்டியின் சாவி மற்றொருவரிடம்! சேலை எப்படி உருவாகும்? இதை ஆராய 1924இல் மடிமன் கமிட்டி அமைந்தது. உறுப்பினர் ஒன்பதின்மர். சிறு திருத்தங்கள் போதும் என்றனர் ஐவர். இம்முறையே தோல்வி, புதிய அரசியல் அமைப்பு வேண்டும் என்று தனி அறிக்கை தந்தனர் நால்வர்: தேஜ் பகதூர் சாப்ரு, ஜின்னா, பராஞ்சபே, சிவசாமி ஐயர். சிறுபான்மையர் கருத்து அன்று ஏற்கப்படவில்லை. ஆனால் 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியை ஒழித்தது. இடையே, 1928இல், இந்திய அரசியலமைப்புப் பிரச்சினைகளைப் பற்றி இவர் ஆங்கிலத்தில் ஒரு பெரு நூலும் எழுதினார்.

தன் நாட்டைத் தானே காக்க இயலாத மக்களுக்குத் தன்னாட்சி நிலைக்காது என்பது இவருடைய உறுதியான எண்ணம். ஆகவே ராணுவத்தில் இந்தியர் அதிகாரிகளாக வேண்டுமென 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானங்கள் கொணர்ந்தார். வழக்கறிஞர் ஒருவர் ராணுவக் கணக்குகளைத் துருவித் துருவிக் கேட்பது அதிகாரிகளுக்கு வியப்பாயிருந்திருக்கும்! 1932இல் டேராடூனில் ராணுவக் கல்லூரி தோன்றியது. அதற்குத் திட்டம் வகுத்த குழுவிலும் இவர் இருந்தார்.

காந்தியடிகளின் சட்டமறுப்பு வழியில் இவர் செல்லவில்லை. அநீதியான சட்டத்தையும் சட்டத்தின் வழியேதான் மாற்ற வேண்டும் என்ற மிதவாதி இவர். நாடே சிறைக்குச் செல்லத் துணிந்தபோது இந்த நிதானம் பலருக்குக் கோழைத்தனமாகத் தோன்றியது. நமக்கும் அது சற்று மெத்தனமாகவே படுகிறது. ஆயினும் கொள்கையில் அவர் வழுவினார் என்று கூற முடியாது.

சொந்த ஊர்ப் பக்கம் திருக்காட்டுப்பள்ளியில் இவர் பேணி வளர்த்த பள்ளி இவர் பெயரையே தாங்கியுள்ளது. சென்னை மயிலாப்பூரில், விஜயநகரம் மகாராஜா 1869இல் தொடங்கிய பெண்கள் பள்ளி ஒன்று பிற்காலத்தில் ஆதரவு வேண்டி நின்றது. ஐயர் அதைத் தாங்கினார். "சுதர்மா" என்னும் தம் மாளிகையை விற்று, அப்பணத்தைப் பள்ளிக்கே ஈந்தார். வாழ்ந்த வீட்டை விற்றுப் பிறர் வீட்டுப் பெண்களைப் படிக்க வைப்பவர் எத்தனை பேர்? அப்பள்ளிக்குத் தம் பெயரன்று, துணைவியாரின் நினைவாக லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி என்ற பெயர் அமைந்தது.

1946 நவம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த மாதம் 9ஆம் நாள் டில்லியில் அரசியல் நிர்ணய சபை முதன்முறையாகக் கூடியது. சென்னை மாகாணத்தின் சார்பில் அதில் அமர்ந்தவர்களுள் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய பெண்மணிகளும் இருந்தனர்.