மீனாகுமாரிக்கு நினைவு தப்பியது ஏன்?

ஸ்ரீதரின் "நெஞ்சில் ஓர் ஆலயம்" படத்தில், நோயாளிக் கணவனின் கட்டில் அருகே கண்ணீரோடு நின்ற தேவிகாவை மறக்க முடியுமா? அதே கதையை ஸ்ரீதர் 1963-ல் இந்தியில் எடுத்தார். அதில் அந்த வேடம் மீனாகுமாரிக்கு. 1957-ல் வந்த "மிஸ் மேரி" இந்திப் படத்தில் நம் ஜெமினி கணேசனுக்கு ஜோடியும் அவர்தான்.

பம்பாயில் பிறந்தவர். சொந்தப் பெயர் மஹஜபீன். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஸ்டூடியோவுக்குப் போனார். 1952-ல் "பைஜு பாவ்ரா" அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியது. அதே ஆண்டு டைரக்டர் கமால் அம்ரோஹியை மணந்தார். 1964-ல் பிரிந்தார்.

இரவில் தூக்கம் இல்லை. தூங்குவதற்குக் கொஞ்சம் பிராந்தி குடிக்கும்படி ஒரு டாக்டர் சொன்னாராம். அந்தக் கொஞ்சம் வளர்ந்தது. 1962-ல் "சாஹிப் பீபி அவுர் குலாம்" படத்தில், கணவனுக்காகக் குடித்துக் கெட்ட மனைவியாக நடித்தார். பாவம், படத்தில் வந்த கேடு வீட்டுக்கும் வந்தது!

1968-ல் ஈரல் சுருங்கிவிட்டது தெரிந்தது. லண்டனுக்குப் போனார். அங்கே சிகிச்சை செய்தவர் ஷீலா ஷெர்லாக் என்ற பெண் டாக்டர். ஈரல் கெட்டால் மூளை மயங்குவதை ஆராய்ந்து 1954-ல் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

ஈரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

குடலில் அம்மோனியா என்ற நச்சு உண்டாகிறது. நல்ல ஈரல் அதை மாற்றிச் சிறுநீரில் போகும்படி செய்துவிடும். கெட்ட ஈரலால் முடியாது. நச்சு ரத்தத்தோடு மூளைக்குப் போகும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. பேச்சு குழறும். நீட்டிய கை படபடக்கும். குடிபோதை என்றும், பேய் என்றும் வீட்டார் எண்ணிவிடுவதுண்டு. பிறகு நினைவே தப்பும். மலச்சிக்கல், ரத்த வாந்தி, தூக்க மாத்திரை எல்லாம் இதைக் கிளப்பிவிடும்.

இன்று லாக்டுலோஸ் என்ற மருந்து இருக்கிறது. இனிப்பான திரவம். தினம் இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும்படி கொடுத்தால் நச்சு வெளியேறும். ரிஃபாக்சிமின் மாத்திரையும் உண்டு. மிகவும் கெட்டுப்போனால் மாற்று ஈரல் பொருத்துகிறார்கள். வல்லம், செஞ்சிப் பக்கத்தில் யாருக்காவது இப்படிக் கண்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

லண்டனிலிருந்து திரும்பிய மீனாகுமாரி, பாதியில் நின்றிருந்த "பாகீஸா" படத்தை முடித்துக் கொடுத்தார். 1956-ல் தொடங்கிய படம். 1972 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச் கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு தப்பியது. 31-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 38. அதன் பிறகு "பாகீஸா" ஓடிய கொட்டகைகளில் கூட்டம் அலைமோதியது.