கல்லிலே தொன்மை கண்டவர்

சென்னை விமான நிலையத்தில் இறங்கித் தென்திசை செல்லும் நம்மவர், சிறிது தொலைவிலேயே பல்லாவரத்தைக் கடக்கின்றனர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தமைக்கான சான்றை அறிவுலகம் முதன்முதலில் கண்டுகொண்டது அவ்வூரிலேதான். கண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர்.

இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1834இல் பிறந்த ஃபூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆராய்ந்து வரைபடம் ஆக்குவதே அவர்தம் பணி. தொல்பொருள் தேடுவது அன்று. ஆயினும், பிரான்சு நாட்டின் ஆற்றுப் படிவுகளில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்தன என்பதை அறிஞர்கள் 1859இல் ஏற்றுக்கொண்ட செய்தி அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது.

1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அத்தகைய கற்களை அதற்குமுன் எத்தனை பேர் மிதித்துச் சென்றனரோ! மனிதன் செய்த கருவி என அவர் அதனை எவ்வாறு அறிந்தார்? ஆற்றில் உருண்ட கல் மழுங்கிப் போகும். மனிதன் செதுக்கிய கல்லிலோ, சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் இருபுறமும் வரிசையாக வந்து ஓர் விளிம்பிலே கூடும். வெட்டுவதற்கேற்ற கூர்மை அவ்விளிம்பில் அமையும். தற்செயலாய் உடையும் கல்லில் இந்த ஒழுங்கைக் காண்பது அரிது.

அவ்வாண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்னும் துறைத் தோழருடன் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே குவார்ட்சைட்டு என்னும் கடும்பாறையிற் செய்த கைக்கோடரிகள் மிகுதியாகக் கிடைத்தன. கருவிகளைச் சேர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்பதையும் குறித்துவைத்தார். நம் கணிப்பில் அவரது பெருமை இதிலேதான் உள்ளது. இடமறியாத கல் எதனையும் உரைப்பதில்லை அல்லவா?

அக்கருவிகள் மிகப் பழையன என அவர் உணர்ந்தார். எத்துணை ஆண்டுகள் என்று அளக்கும் வழி அன்று இல்லை. அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அம்மையார் குழுவினர் 1999 முதல் அகழ்ந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியிட்டனர். 

ஃபூட் தாம் சேர்த்தவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு விற்றார்; எழும்பூரில் அவை பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கல்லும் கிடைத்த இடத்தைக் கூறும் விளக்கப் பட்டியலையும் முதுமையில் எழுதினார். 1912 திசம்பரில் அவர் மறைந்தார். அப்பட்டியல் 1914இலும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916இலும் அச்சேறின.