காதலா, கடமையா? கணவரின் உரிமையே வேண்டாமென்று எழுதிவைத்த தத்துவ அறிஞர்

ஏற்கெனவே திருமணமான ஒருவரை இன்னொருவர் நேசிக்கிறார். அது தவறா?

தவறுதான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரி, விவாகரத்து பெற வழியே இல்லாத காலம் என்றால்? யாரையும் ஏமாற்றவில்லை, கணவருக்கும் விஷயம் தெரியும் என்றால்?

இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ 20 ஆண்டு வாழ்ந்தவர் ஜான் ஸ்டுவர்ட் மில்.

யார் இவர்?

1806ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். 3 வயதிலேயே கிரேக்க மொழி படிக்கத் தொடங்கினார். பாடம் சொல்லிக்கொடுத்தது அப்பா. 20 வயதில் மனச்சோர்வில் விழுந்தார். அறிவு வளர்ந்தது, உணர்வுக்கு இடமில்லாமல் போனது என்று பின்னாளில் உணர்ந்தார்.

17 வயதில் வேலைக்குச் சேர்ந்த இடம் நமக்குத் தெரிந்ததுதான். 1819இல் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்த அதே கிழக்கிந்திய நிறுவனம். அதன் லண்டன் அலுவலகத்தில் 35 ஆண்டு பணியாற்றினார்.

1830இல் என்ன நடந்தது?

ஹாரியட் டெய்லரைச் சந்தித்தார். மில்லுக்கு 24 வயது. ஹாரியட்டுக்கு 22. அவருக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தனர். அடுத்த ஆண்டு மூன்றாவது குழந்தையும் பிறந்தது.

கணவர் ஜான் டெய்லர் மருந்துப் பொருள்களின் மொத்த வியாபாரி. கெட்டவர் இல்லை. ஆனா ஹாரியட்டின் சிந்தனைக்கு ஈடுகொடுக்கும் துணையாக அவர் இருக்கவில்லை.

அப்போது இங்கிலாந்தில் விவாகரத்து பெற்று மறுமணம் செய்ய வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற்ற வேண்டும். சாதாரணக் குடும்பங்களால் நினைத்துப் பார்க்கமுடியாத செலவு!

கடைசியில் மூவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். ஹாரியட் பெரும்பாலும் மகளுடன் தனி வீட்டில் இருந்தார். மில் அங்கு வந்துபோனார். தங்களுக்குள் உடலுறவு இருக்கவில்லை என்று மில் தமது சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார்.

நாலு பேர் பேசாமல் இருப்பார்களா? பேசினார்கள். மில் பல நண்பர்களை விட்டு விலகினார்.

இருவரும் ஒரே கருத்தில் இருந்தார்களா?

அதுதான் இல்லை. பழகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, திருமணம் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதிப் பரிமாறிக்கொண்டனர்.

திருமணச் சட்டங்களே தேவையில்லை என்பது ஹாரியட்டின் வாதம். பிரியும் உரிமை வேண்டும், ஆனால் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார் மில்.

பிறகு எழுதிய 'சுதந்திரம்' பற்றிய நூலிலும் அவர் அதை விடவில்லை. உங்களை நம்பி ஒருவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டால் அந்த நம்பிக்கையே ஒரு கடமையாகிவிடுகிறது. மனம் மாறிவிட்டது என்பது மட்டும் போதாது என்பது அவர் நிலைப்பாடு.

1849இல் ஜான் டெய்லர் புற்றுநோயால் இறந்தார். கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஹாரியட்தான்.

எழுதிவைத்தது என்ன?

1851இல் இருவரும் திருமணம் செய்தனர். அன்றைய சட்டப்படி மனைவியின் சொத்து கணவரின் கைக்குப் போய்விடும். அந்த உரிமையைச் சட்டப்படி கைவிடவும் வழியில்லை. எனவே திருமணத்துக்கு முன்பே மில் அதைக் கண்டித்து எழுதினார். அதை ஒருபோதும் பயன்படுத்தப்போவதில்லை என்றும் உறுதி கூறினார்.

7 ஆண்டுதான். 1858இல் பிரான்ஸின் அவிஞோனில் ஹாரியட் காலமானார். அந்த மயானத்துக்குப் பக்கத்திலேயே மில் ஒரு வீடு வாங்கினார்.

அப்படியானால் ஒழுக்கம் ஆளுக்கு ஆள் மாறுமா?

மாறும் என்று மில் சொல்லவில்லை. ஊர் வழக்கம் வேறு, ஒழுக்கம் வேறு. யாருக்குத் தீங்கு, யாருக்கு நன்மை என்பதே அவர் வைத்த அளவுகோல்.

அமெரிக்காவில் மோர்மன் சமயத்தார் பலதார மணம் செய்தபோது, அது பெண்களைக் கட்டிப்போடுகிறது என்று கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவர்கள் விரும்பி ஏற்று, விலகிச்செல்லவும் வழி இருக்கும்வரை, வெளியார் பலவந்தமாகத் தடுக்கக்கூடாது என்றார்.

இதில் ஒரு முரண் உண்டு. முன்னேறாத சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் அதே நூலில் எழுதினார். இந்தியாவை ஆண்ட நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர் அல்லவா? அவர் அளவுகோலையே அவர்மீது வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பிறகு?

1867இல் நாடாளுமன்ற உறுப்பினராக, பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றது. 1882இல் வந்த சட்டம், திருமணமான பெண்கள் சொத்தைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ள வழிவிட்டது. அதைப் பார்க்க மில் இல்லை. 1873இல் இறந்து, ஹாரியட்டின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் செய்தது சரியா, தவறா? நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனா முடிவு சொல்லும்முன், ஊர் என்ன சொல்லும் என்பதோடு, யாருக்கு வலித்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.