சிறைப் பயத்திலும் கீழ்ப்படிந்த அம்மையார்

மர்பி டவுன் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு டோனாவூர் என்ற பெயர் புதிதல்ல. நெல்லைச் சீமையில் உள்ள அந்தச் சிற்றூரை உலகறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர் இந்தியாவில் முதலில் ஊழியம் தொடங்கியது நம் பெங்களூரில்தான்.

1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். 1895-ல், பெங்களூரில் இருந்த ஜெனானா மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். வரும்போதே டெங்கு காய்ச்சல். தேறியதும் தமிழ் படித்தார். ஓராண்டு கழித்துத் திருநெல்வேலிக்குச் சென்றார். சேலை உடுத்திக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்.

ஓடி வந்த சிறுமி

1901-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடி வந்தாள். தேவதாசி ஆக்குவதற்காகக் கோவில் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டவள் அவள். முன்பு ஒருமுறை தப்பி, பெற்ற தாயிடம் போனபோது திருப்பி அனுப்பப்பட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்கள்.

அவளை அம்மையார் சேர்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். டோனாவூர் பிள்ளைகளின் வீடாயிற்று.

ஆனால் இதில் ஆபத்து இருந்தது. குழந்தை மீது சட்ட உரிமை உள்ளவர்கள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் கடத்தல் வழக்கு!

அதுவும் வந்தது. ஒரு சிறுமியை அவளுடைய பாதுகாவலர்கள் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தால் அவள் கதி என்ன ஆகும் என்பது அம்மையாருக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் ஏழு ஆண்டுச் சிறை கிடைக்கலாம். அவர் சிறைக்குப் போய்விட்டால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும், இந்தப் பிள்ளைகளைக் காப்பது தேவன் தமக்கு இட்ட வேலை என்று நம்பினார். முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாமலே, கொடுக்க மறுத்தார்.

1914 பிப்ரவரியில் தந்தி வந்தது. வழக்கு தள்ளுபடி!

கடைசி நாட்கள்

1931-ல் தவறி விழுந்து காயமடைந்தார். அதன் பின் சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அங்கிருந்தே பல நூல்களை எழுதினார்.

பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. அதைக் கண்டபின், 1951 ஜனவரி 18-ந் தேதி டோனாவூரில் மறைந்தார்.

கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு நீர்த்தொட்டி வைத்தார்கள்.

பயம் தீரட்டும், பிறகு கீழ்ப்படியலாம் என்று அந்த அம்மையார் காத்திருந்தால், சூடுபட்ட கைகளோடு வந்த சிறுமிக்குக் கதவு திறந்திருக்காது.