வித்தியாசாலை கண்ட நாவலர்

ஆறுமுக நாவலர் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே பிரசங்க பீடமும் கண்டனப் பத்திரங்களும் நம்மவர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், அவர் தம் வாழ்நாள் முழுதும் விடாது பற்றிநின்ற தொண்டு பள்ளிக்கூடத் தொண்டேயாம். உபாத்தியாயத் தொழில் பூண்ட நாம் அவர் சரித்திரத்தில் முதற்கண் அறியற்பாலது அப்பகுதியே.

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18 ஆந் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய் அவதரித்தார். இளமையிலே நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடு தொடங்கி, ஒன்பது வயதிலே தந்தையை இழந்தும் கல்வியை இழவாது, பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். ஆங்கிலங் கற்கும்பொருட்டு யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, பின் அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவரான பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணைநின்றார்.

இங்ஙனம் இருவகைப் பள்ளிக்கூடங்களை அவர் உள்ளிருந்தே கண்டார். திண்ணைப் பள்ளியிலே ஏட்டுச்சுவடியும் மனனமும் உண்டு. படிப்படியாய் அமைந்த வகுப்பும் அச்சிட்ட வசன பாடமும் இல்லை. மிஷன் பாடசாலையிலே வகுப்பும் புத்தகமும் உண்டு. சைவப் பிள்ளைக்குத் தன் சமய அறிவு கிடைக்க வழியில்லை. பிள்ளைகள் அங்குச் செல்வதைப் பழிப்பதனால் மாத்திரம் பயனில்லை; செல்லத்தக்க வேறிடம் ஒன்றை ஆக்குதலே கடன் எனத் துணிந்தார்.

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டாகிய 1848 இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, ஊதியந் தந்த மிஷன் பதவியையும் துறந்தார். துறவு பூண்டார் போல இல்லறத்தை நாடாது, தம் உழைப்பு முழுவதையும் இப்பணிக்கே ஈந்தார்.

வித்தியாசாலை தொடங்குதல் எளிது. நிலைபெறச் செய்தல் அரிது. அதற்கு வேண்டுவன மூன்று: ஆசிரியர், புத்தகம், பொருள். நாவலர் இம்மூன்றையும் வேறுவேறு வழியாற் தேடினார்.

ஆசிரியரை வெளியிலே தேடாது, தம்மிடங் கற்ற மாணாக்கரையே ஆசிரியராக்கினார். நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை முதலானோர் அவ்வாறு உருவானவரே. புத்தகத்தின்பொருட்டு 1849 இல் தமிழ்நாடு சென்று, திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் என்னும் பட்டம் பெற்று, அச்சியந்திரத்தோடு மீண்டார். வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அவ்வச்சகத்திலிருந்து முதலாம் பாலபாடம் 1850 இலும் இரண்டாம் பாலபாடம் 1851 இலும் வெளிவந்தன. 1852 இல் பெரியபுராண வசனம் தோன்றிற்று. எழுத்தறிந்த சிறுவன் சிறு வாக்கியத்தினின்றும் நெடு வாக்கியத்துக்கும், அதனின்றும் இலக்கணத்துக்கும் சமய நூலுக்கும் ஏறிச் செல்லும் படிகளை அவர் தாமே எழுதித் தாமே அச்சிட்டார். பதம் பிரித்தும் குறியீடுகள் இட்டும் அச்சிடும் முறையை அவர் கைக்கொண்டது, கற்கத் தொடங்குவோர் இடர்ப்படாமற் படித்தற்கு உதவிற்று.

பொருளோ ஊராரது கொடையினின்றும் வரவேண்டியதாயிற்று. அரசாங்கக் கல்வித் திணைக்களம் தோன்றியது 1869 இலேயாம். அதற்கு முன் இருபதாண்டு காலம் வண்ணார்பண்ணைப் பள்ளி அன்பர் உதவியாலேயே நடந்தது. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அதற்கும் அவர் ஊர்தோறும் சென்று பொருள் வேண்டினார்.

ஈண்டு நாம் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. தமிழ்க் கல்வி மாத்திரம் போதாது, உத்தியோகம் விரும்புவோர் ஆங்கிலத்துக்காகச் சமயத்தை விலைகொடாதிருத்தல் வேண்டும் என்று கருதி, 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். போதிய ஆதரவின்மையால் 1876 இல் அது மூடப்பட்டது. அதே மனிதர், அதே ஊர், அதே உழைப்பு. ஒன்று நிலைத்தது, ஒன்று வீழ்ந்தது. தலைவர் எத்துணைப் பெரியராயினும், ஊரார் தோள்கொடாத பள்ளி நில்லாது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுமோ?

1879 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5 ஆந் திகதி நாவலர் சிவபதமடைந்தார். அவர் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளை வித்தியாசாலைகளை ஏற்று நடத்தினார். 1888 இல் சைவபரிபாலன சபை தோன்றி, 1890 இல் யாழ்ப்பாணத்திலே இந்துக் கல்லூரி அமைந்தபோது, நாவலர் கைவிட நேர்ந்த ஆங்கிலக் கல்விப் பணி மீண்டும் தலையெடுத்தது. அவர் காலத்திலே தனி ஒருவர் தாங்கிய சுமையைப் பின்னர் ஒரு கூட்டம் தாங்கிற்று. அதனாலே அது நிலைபெற்றது.

ஆசிரிய அன்பர்காள்! 1960 முதலாக உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாயின. சம்பளமும் புத்தகமும் இப்போது நம்மை நாடி வருகின்றன. ஆயினும், பின்வரும் ஆசிரியரை நம் மாணாக்கருள்ளேயே ஆக்குதலும், பிள்ளையின் அறிவுக்கேற்பப் பாடத்தைப் படிப்படியாய் அமைத்தலும், ஊராரைப் பள்ளிக்கு உரியவராக்குதலும் எந்த அரசாங்கமும் நமக்காகச் செய்துதராத கருமங்கள். நாவலர் சிலைக்கு மாலை சூட்டுதலினும் இம்மூன்றையும் செய்தலே அவர்க்குச் செய்யும் வழிபாடாம்.