அடையாற்றுக்கு வந்த கர்னல் தாத்தா

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? அங்கிருந்து வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மீனவர் குடியிருப்பு ஒன்று வரும். அதற்கு 'ஊரூர் ஆல்காட் குப்பம்' என்று பெயர். ஊரூர் நம்ம ஊர்ப் பெயர்தான். ஆனால், கட்டுமரமும் வலையுமாக இருந்த இடத்துக்கு ஆல்காட் என்ற பெயர் எப்படி வந்தது?

அது ஓர் அமெரிக்கரின் பெயர். ஹென்றி ஸ்டீல் ஆல்காட். மார்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடியோடு இருக்கும் அவரது படத்தைப் பார்த்தால், பாசமான தாத்தா என்று நினைத்துக்கொள்வீர்கள். இளம் வயதில் அவர் செய்த வேலைகளோ வேறு மாதிரி!

1832-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார் ஆல்காட். முதலில் விவசாய ஆராய்ச்சி செய்தார். சர்க்கரை எடுக்க உதவும் இனிப்புச் சோளத்தைப் பற்றி 25 வயதிலேயே புத்தகம் எழுதினார். பிறகு பத்திரிகையாளர் ஆனார். அமெரிக்காவில் 1861-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது, ராணுவத்துக்குப் பொருள் விற்றவர்கள் செய்த மோசடிகளைத் துப்பறியும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 'கர்னல்' பட்டம் வந்தது அப்போதுதான். 1865-இல் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்தக் கொலையை விசாரித்த குழுவிலும் இவர் இருந்தார். அதற்குப் பிறகு வக்கீல். சொன்னதை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

1874-இல், ஆவிகள் வருவதாகச் சொல்லப்பட்ட ஒரு பண்ணை வீட்டைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதப் போனார். அங்கே ரஷ்யாவிலிருந்து வந்திருந்த பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் மதங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். மறு ஆண்டு, 1875 நவம்பரில், வேறு சிலரும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 'தியசாபிகல் சொசைட்டி' என்று பெயர். தமிழில் பிரம்மஞான சபை என்பார்கள். சாதி, மதம், நிறம், ஆண், பெண் என்ற வேற்றுமை பாராமல் மனிதர்கள் சகோதரர்களாக இருக்க வேண்டும். எல்லா மதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இவைதான் சபையின் முக்கிய நோக்கங்கள்.

1879-இல் இருவரும் கப்பலில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இலங்கைக்குப் போனார்கள். அங்கே காலி என்ற ஊரில், 1880 மே 25 அன்று, ஆல்காட் பௌத்த மதத்தின் ஐந்து உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டார். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், ஒழுக்கம் தவற மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், மது அருந்த மாட்டேன். எங்கோ படித்த மாதிரி இருக்கிறதா? உங்கள் திருக்குறள் புத்தகத்தை எடுத்து அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். கொல்லாமை, கள்ளாமை, வாய்மை, கள்ளுண்ணாமை எல்லாம் கிடைக்கும். கிறிஸ்தவ நண்பனிடம் பத்துக் கட்டளைகளைக் கேட்டால், இவற்றில் பல அங்கேயும் இருப்பதைச் சொல்வான். ஆல்காட் தேடியதும் இதைத்தான்.

இலங்கைப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதத்தைப் பற்றிப் படிக்க எளிமையான புத்தகம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கிறிஸ்தவர்கள் கேள்வி-பதில் வடிவில் மதப்பாடம் சொல்லித் தருவது அவருக்குத் தெரியும். அதே முறையில் 1881-இல் பௌத்தத்துக்கு ஒரு வினா-விடை நூல் எழுதினார். ஒரு மதத்தின் வழியை இன்னொரு மதத்துக்குக் கடன் வாங்கிவிட்டார், பார்த்தீர்களா! அங்கே ஊர் ஊராகப் பள்ளிகள் எழவும் உதவினார். கொழும்பில் 1886-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஆனந்தா கல்லூரி.

இதற்கிடையே, சபைக்கு ஒரு நிரந்தர வீடு தேவைப்பட்டது. 1882 டிசம்பரில், அடையாற்றின் தென்கரையில், 'ஹடில்ஸ்டன் தோட்டம்' என்ற பங்களாவுக்குக் குடிவந்தார்கள். இப்போது மயிலாப்பூர்ப் பக்கமிருந்து திரு.வி.க. பாலம் வழியாக வரும்போது இடது பக்கம் காடு மாதிரித் தெரிகிறதே, அதுதான் சபையின் இடம். புகழ்பெற்ற அடையாறு ஆலமரமும் அதற்குள்தான் இருக்கிறது. (1989-இல் அடித்த புயல் காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நின்று மரத்தைக் காப்பாற்றின.)

1886 டிசம்பரில் அங்கே அடையாறு நூலகத்தைத் திறந்தார் ஆல்காட். விழாவுக்கு இந்து, பௌத்தம், இஸ்லாம் மதப் பெரியவர்களும், நெருப்பைப் புனிதமாக வணங்கும் பார்சி மதத்தினரும் வந்து அவரவர் முறைப்படி வாழ்த்தினார்கள். இன்றைக்கு இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அந்தக் காலத்தில் ஒரே மேடையில் இத்தனை பேர் கூடுவது அபூர்வம். ஆல்காட் தந்த சுமார் 200 புத்தகங்களோடு தொடங்கிய நூலகம் அது. இப்போது ஏறக்குறைய இரண்டரை லட்சம் புத்தகங்களும், சுமார் 20,000 ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன.

பௌத்தர்களுக்குள்ளேயும் பல பிரிவுகள் உண்டு. இலங்கையும் பர்மாவும் ஒரு வழி. ஜப்பான் இன்னொரு வழி. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் எவை? 1891-இல் இலங்கை, பர்மா, ஜப்பான், சிட்டகாங் பகுதிகளைச் சேர்ந்தவர்களை அடையாற்றில் உட்கார வைத்துப் பேசினார். 14 பொதுக் கருத்துகள் கிடைத்தன. அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய்த் துறவிகளிடம் கையெழுத்து வாங்கினார். பழைய வக்கீல் அல்லவா!

இவ்வளவு செய்தவருக்குச் சறுக்கலே இல்லை என்று நினைக்காதீர்கள். கண்டியில் புத்தரின் பல் என்று மக்கள் வணங்கும் புனிதப் பொருளைப் பற்றி அவர் சந்தேகம் தெரிவித்தார். அவரோடு நெருங்கிப் பழகிய அநகாரிக தர்மபாலர் மனம் கசந்து விலகினார். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாத மனிதர் ஆல்காட். மற்றவர் மனம் நோகுமே என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை அவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஏழைகளின் குடிசைகள் இருந்தன. அவர்களைத் தொடக்கூடாது என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் கஷ்டம். உள்ளே நூலகத்தில் எல்லா மதங்களும் அன்பைப் பேசிக்கொண்டிருக்க, வெளியே ஒரு பிள்ளை எழுத்துத் தெரியாமல் நின்றால் சரியா? 1894-இல் ஊரூரில் அவர்களுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு சென்னையின் வேறு சில இடங்களிலும் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூரில் வந்த பள்ளிக்கு என்ன பெயர் தெரியுமா? திருவள்ளுவர் பள்ளி!

1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் அவரைத் தேடி வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுத்த தமிழறிஞர் அவர். பௌத்தத்தில் சேர விரும்பிய அவர், இலங்கைக்குப் போக ஆல்காட் உதவினார். திரும்பி வந்த அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார்.

அந்தப் பத்திரிகை வெளிவந்தபோது ஆல்காட் உயிரோடு இல்லை. 1906-இல் கப்பல் பயணத்தின்போது கீழே விழுந்து பலத்த அடிபட்டார். எப்படியோ அடையாறு வந்து சேர்ந்தவர், 1907 பிப்ரவரி 17 அன்று காலமானார். அவரது உடல் அடையாற்றிலேயே தகனம் செய்யப்பட்டது.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அவருக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 17 அன்று இலங்கையில் அவரை நினைவுகூர்கிறார்கள். சென்னையில் அவர் ஊரூரில் தொடங்கிய பள்ளி, பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் இப்போதும் கட்டணம் வாங்குவதில்லை.